சட்டப்படிதான் வெடி வைத்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் தொன்மையான இடங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் ஊருக்கு உடுமலை பஸ்ஸில்தான் பேப்பர் வரும். அன்றைக்கு வழியில் யானை நின்றதால் மத்தியானம்தான் கைக்குக் கிடைத்தது. படங்களோடு நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், அங்கே பாரம்பரியத்தைக் காக்கக் கடுமையான சட்டம் இருக்கிறது, இங்கேயும் அப்படி ஒன்று வந்துவிட்டால் நம் மலைகளில் உள்ள கற்திட்டைகளும் சாமி இடங்களும் தப்பித்துவிடும் என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இடுக்கி மாவட்டம் மறையூரில் ஜீப் ஓட்டுகிறவன். கோவில்கடவு ஸ்டாண்டில் வண்டி நிற்கும். முனியறை, காந்தளூர் தோட்டங்கள், வெல்லம் காய்ச்சும் ஆலை, அருவி என்று சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போய்க் காட்டுவது தொழில். வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் பேசுவது மலையாளம். மறையூர், காந்தளூர்ப் பக்கத்து அஞ்சுநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். என் மகள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் நர்ஸ். மருமகன் அங்கிருந்து விமானத்தில் பில்பரா பக்கம் போய், இரும்புத் தாது சுரங்கத்தில் பெரிய லாரிகளுக்கு மெக்கானிக் வேலை பார்க்கிறார். அதாவது, பழைய இடத்தைக் காட்டிச் சம்பாதிக்கிற காசும் எங்கள் வீட்டுக்கு வருகிறது, பழைய இடத்தைத் தோண்டிச் சம்பாதிக்கிற காசும் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

உங்கள் கட்டுரை ஜூகன் பள்ளத்தாக்கை ஒரே வரியில் தாண்டிவிட்டது. நான் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில், ஹேமர்ஸ்லி மலைத்தொடரில், ஜூகன் என்ற இடத்தில் இரண்டு பாறைக் குகைகள் இருந்தன. அதில் ஒன்றில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். புட்டு குன்டி குர்ராமா, பினிகுரா என்ற இரண்டு மக்களின் பாட்டன் பூட்டன் பூமி அது. 2014இல் அங்கே தோண்டிப் பார்த்தபோது சுமார் 7,000 பொருட்கள் கிடைத்தன. கங்காரு எலும்பில் கூர் தீட்டிய ஒரு கருவி, 28,000 ஆண்டு பழையது. மனித முடியைப் பின்னிச் செய்த கயிறு ஒன்று, சுமார் 4,000 ஆண்டு பழையது. அந்த முடியை மரபணுச் சோதனை செய்தால், இன்றைக்கு அதே பகுதியில் உயிரோடு இருக்கிற அதே மக்களோடு பொருந்துகிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த பாட்டியின் தலைமுடி என்று ஒரு குடும்பம் கைகாட்டிச் சொல்ல முடிகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

2020 மே 24 அன்று ரியோ டின்டோ நிறுவனம் தன் இரும்புச் சுரங்கத்தை விரிக்க அந்தக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. அடியில் இருந்த 80 லட்சம் டன் தாதுவுக்காக.

இதைக் கேட்டவுடன் எல்லோரும், சட்டத்தை மீறிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானும் மருமகனிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “இல்ல மாமா, எல்லா பேப்பரும் கரெக்டா இருந்துச்சு” என்றார். அங்கே 1972ஆம் ஆண்டிலிருந்தே பழங்குடிப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. அதில் 18ஆம் பிரிவு என்று ஒன்று. நிலத்தைக் கையில் வைத்திருப்பவர், அதாவது பெரும்பாலும் சுரங்கக் கம்பெனி, அந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பம் போட்டால், ஒரு கமிட்டி பார்த்து, அமைச்சர் அனுமதி கொடுப்பார். அனுமதி கிடைத்தால் அந்த இடத்தை இடிப்பது குற்றம் ஆகாது. ஜூகனுக்கு அனுமதி 2013இலேயே கிடைத்துவிட்டது. கங்காரு எலும்பும் முடிக்கயிறும் வெளியே வந்தது அடுத்த வருஷம். வந்த பிறகும் பழைய அனுமதியைத் திருப்பிப் பார்க்க அந்தச் சட்டத்தில் வழி இல்லை. அமைச்சர் மறுத்தால் கம்பெனி மேல்முறையீடு செய்யலாம். அமைச்சர் ஒப்புக்கொண்டால் அந்த மண்ணின் மக்கள் மேல்முறையீடு செய்ய முடியாது. பாரம்பரியத்தைக் காக்கும் சட்டம் என்று பெயர்.

இன்னொன்றும் பின்னால் வெளியே வந்தது. கம்பெனியோடு அந்த மக்கள் போட்டிருந்த ஒப்பந்தத்தில் வாயைக் கட்டும் ஷரத்து இருந்திருக்கிறது. கம்பெனியைக் கேட்காமல் அரசிடமோ வெளியிலோ போய் எதிர்ப்புச் சொல்லக் கூடாது. சுரங்கத்தை விரிக்க நான்கு வழிகள் கம்பெனியிடம் இருந்தன, அதில் மூன்று குகைகளைத் தொடாத வழிகள் என்பதும் நாடாளுமன்ற விசாரணையில்தான் தெரிந்தது. ஜூலையில் நடக்கும் பழங்குடிகள் விழாவுக்கு அந்தக் குகைக்குப் போய்வரலாமா என்று அந்த மக்கள் மே மாத நடுவில் கேட்டபோதுதான், வெடிமருந்தைத் துளைகளில் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது என்ற தகவலே அவர்களுக்கு வந்தது. இனி வெளியே எடுப்பது ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். பிறகு உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்து, கம்பெனியின் தலைமை அதிகாரியும் இன்னும் இரண்டு பெரிய அதிகாரிகளும் பதவி விலக வேண்டியதாயிற்று. சரி, குகை?

அதன் பிறகு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2021இல் நிறைவேறி 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விவசாயிகளும் நிலம் வைத்திருப்பவர்களும் கொதித்தார்கள். வேலிக்குக் குழி தோண்டவும் அனுமதி வாங்க வேண்டுமா என்று பயம். ஆறு வாரம் முடிவதற்குள், ஆகஸ்ட் 8 அன்று, அரசே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டமே சில திருத்தங்களோடு மறுபடி வந்துவிட்டது. நல்லவேளையாக, மக்களும் முடிவை எதிர்த்து முறையிடலாம் என்பது அந்தத் திருத்தங்களில் ஒன்று. ஆனால் அனுமதிக் கையெழுத்து இன்றைக்கும் அமைச்சருடையதுதான். கட்டுரையாளர் சொன்ன கடுமையான சட்டம் எது என்று எனக்கு விளங்கவில்லை. ஆறு வாரத்துக்குள் கைவிடுவதாக அறிவித்த சட்டமா?

அந்த மக்கள் சுரங்கமே கூடாது என்றும் சொல்லவில்லை. அவர்களே ஒப்பந்தம் போட்டவர்கள்தானே. இந்த இடம் வேண்டாம், அந்தப் பக்கம் தோண்டிக்கொள் என்று சொல்லும் அதிகாரம்தான் அவர்கள் கையில் இல்லை. நான் சொல்ல வந்ததும் இது ஒன்றுதான். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அந்த மண்ணின் ஆட்களுக்கு, சொல்ல வேண்டிய நேரத்தில், இல்லை என்றால் மற்ற எல்லாமே காகிதம்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

மறையூரில் முனியறைகள் இருப்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வழுக்குப் பாறை மேல் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்த பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே என்கிறார்கள் படித்தவர்கள். பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிற கோவில்கடவைச் சுற்றியும், மேலே பாறைக் குன்றுகளிலும், சின்னாறு காட்டுக்குள்ளும் இவை இருக்கின்றன. பாறை ஓவியங்களும் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது மூடுகல்லோடு நின்ற சில முனியறைகளில் இன்றைக்கு நிற்பது இரண்டு பக்கக் கல்தான். சிலவற்றைப் புதையல் தேடிப் பெயர்த்தார்கள். சிலவற்றின் பலகைக்கல் யார் வீட்டுத் துணி துவைக்கும் கல்லாகவோ போயிருக்கும். மிச்சம் இருப்பதன் மேல் இப்போது கல்யாண ஆல்பம் எடுக்கிறார்கள். மாப்பிள்ளை மூடுகல் மேல் ஏறி நிற்க, பெண் கீழே நின்று நிமிர்ந்து பார்க்க, மேலே ட்ரோன் பறக்கும். ஏறாதீர்கள் என்று சொன்னால், “ஒரு ஃபோட்டோ மாத்ரம் சேட்டா” என்பார்கள். அந்த ஒரு ஃபோட்டோ சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்குப் போட்டால் எந்தக் கல்லும் தாங்காது.

இதே ஊரில் சந்தனக் காடு இருக்கிறது. ஒவ்வொரு சந்தன மரத்துக்கும் நம்பர் உண்டு. வேலி உண்டு, ராத்திரி பகலாக வாச்சர் உண்டு. காற்றில் ஒரு கிளை முறிந்தாலும் ரிஜிஸ்டரில் ஏறும், ஏலத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்து எந்த முனியறையிலும் நான் நம்பர் பார்த்ததில்லை. கிலோ விலை உள்ளதற்குக் காவல், விலை இல்லாததற்குப் போர்டு. அந்தப் போர்டிலும் பாதி எழுத்து அழிந்திருக்கும்.

தொல்லியல் சட்டம் நம்மிடமும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஆனால் ‘அறிவிக்கப்பட்ட’ இடத்துக்குத்தான் அது. மலையில் சிதறிக் கிடப்பதையெல்லாம் யார் அறிவிக்கப்போகிறார்கள்? அறிவித்தாலும், அந்தச் சட்டம் கல்லைத்தான் பார்க்கும். கல்லைச் சுற்றி இருக்கிற ஆட்களைப் பார்க்காது.

அந்த ஆட்கள் யார் என்றால், எங்கள் பக்கம் முதுவர்களும் மலைப்புலையர்களும். சின்னாறு சரணாலயத்துக்குள்ளேயே அவர்களுடைய குடிகள், அதாவது ஊர்கள், பதினொன்று இருக்கின்றன. முனியறையைக் கட்டியது அவர்களுடைய முன்னோர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது, அவர்களும் அப்படி உரிமை கொண்டாடிக் கேட்டதில்லை. முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலை ஏறி வந்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் இத்தனை தலைமுறையாக அந்தக் கற்களுக்குப் பக்கத்திலேயே இருந்து, அவற்றைக் கலைக்காமல் விட்டவர்கள் அவர்கள்தான். பெயர்த்ததெல்லாம் பிறகு வந்த எங்களைப் போன்றவர்களின் காலத்தில். ஒரு குடியின் தலைவரான காணியிடம், முனியறையைப் பற்றி அதிகாரிகள் யாராவது உங்களிடம் பேசியிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டேன். “எங்ககிட்ட தேன் எங்க இருக்குன்னு கேப்பாங்க, யானை எந்தப் பக்கம் போச்சுன்னு கேப்பாங்க. அதப் பத்தி யாரு கேட்டா?” என்றார்.

அவர்களுடைய பாரம்பரியம் வெறும் கல்லும் இல்லை. இளைஞர்கள் கூடித் தங்குகிற சத்திரம், பெண்களுக்கென்று தனியாக உள்ள வீடு, எந்த ஓடையில் செருப்போடு இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, எந்த விதையை எந்த மாதம் போடுவது என்ற கணக்கு, எல்லாம் சேர்ந்ததுதான். தாயண்ணன்குடியில் கைவிட்டுப்போன கேழ்வரகு ரகங்களை மறுபடி விதைத்து மீட்டிருக்கிறார்கள். வனத்துறையும் இதில் கூட நின்றது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எந்தக் கேழ்வரகு எந்த மண்ணுக்கு ஆகும் என்று வயசானவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு விதையை மட்டும் டப்பாவில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டுரையாளர் ‘எல்லா இடங்களையும் வரைபடத்தில் குறித்து மக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும்’ என்றும் எழுதியிருந்தார். ஜீப் ஓட்டுகிறவனாக எனக்கு அது நல்ல யோசனை. புது ஸ்பாட் கிடைக்கும். ஆனால் ஹிண்ட்மார்ஷ் தீவில் நடந்ததை அவர் படித்துப் பார்க்க வேண்டும். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்புறம் நானும் தேடிப் படித்தேன். தெற்கு ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆறு கடலில் சேருகிற இடத்தில் உள்ள தீவு அது. அங்கே பாலம் கட்ட முயன்றபோது, ங்காரிஞ்சேரி மக்களின் பெண்கள், இது எங்கள் பெண்களுக்கு மட்டும் உரிய புனித விஷயம் உள்ள இடம், பாலம் வேண்டாம் என்றார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஆண்களிடம் சொல்லக் கூடாதது என்றார்கள். கடைசியில் அதை எழுதி உறையில் போட்டு, பெண்கள் மட்டும் படிக்கவும் என்று குறித்து அமைச்சருக்குக் கொடுத்தார்கள். அமைச்சர் ஆண் என்பதால் அவர் படிக்கவில்லை. 1994இல் 25 ஆண்டுக்குப் பாலத்துக்குத் தடை போட்டார்.

அந்தக் காகிதங்கள் தவறுதலாக எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் அலுவலகத்துக்குப் போய்விட்டன. அங்கே நகல் எடுத்துவிட்டார்கள். அந்த விவகாரத்தில் அவர் நிழல் அமைச்சர், அதாவது எதிர்க்கட்சியின் துறைப் பேச்சாளர், பொறுப்பை விட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு மாநில அரசு ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தது. 1995இல் அது, பெண்கள் சொன்னது ஜோடிக்கப்பட்டது என்று முடிவு கட்டியது. 2001 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், அந்த நம்பிக்கை ஜோடிக்கப்பட்டது என்று தன்னால் ஏற்க முடியாது என்றது. பாலத்தின் மேல் அதற்குள் கார் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் புனிதம் போய்விடும், சொல்லாவிட்டால் பொய் என்பார்கள். அந்தப் பெண்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள்?

எங்கள் பக்கத்துக் குடிகளிலும் வெளியாளிடம் சொல்லாத இடங்கள் இருக்கின்றன. எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. அதையெல்லாம் மேப்பில் புள்ளி வைத்து ஃபோனில் போட்டால், அடுத்த சனிக்கிழமை அங்கே பத்து ஜீப் நிற்கும். அதில் ஒன்று என்னுடையதாகத்தான் இருக்கும். ஆகவே எதைக் குறிப்பது, எதை மறைப்பது என்பதைக் குடிக்காரர்கள்தான் தீர்மானிக்க வேண்டும், தொல்லியல் துறையும் இல்லை, சுற்றுலாத் துறையும் இல்லை.

சுற்றுலாவை நிறுத்தினால் பிழைப்புப் போய்விடும் என்று எங்கள் ஸ்டாண்டில் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் உலுரு பாறையைக் காட்டுவேன். ஆஸ்திரேலியா என்றால் காலண்டரில் வருமே, செம்பாறை, அதுதான். 348 மீட்டர் உயரம். அனங்கு மக்களுக்குப் புனிதமானது. 1985 அக்டோபர் 26 அன்று அதை அரசு அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக வைத்துக்கொள்ள 99 வருஷத்துக்கு அரசுக்கே குத்தகைக்கு விட்டார்கள். தயவுசெய்து மேலே ஏறாதீர்கள் என்று போர்டு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். பாறையில் பிடித்துக்கொள்ளச் சங்கிலியே போட்டிருந்தது. அனங்கு மக்கள் பெரும்பான்மையாக இருக்கிற நிர்வாகக் குழு 2017இல் முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதை முற்றிலும் தடை செய்தது. கடைசி நாளில் திருவிழாக் கூட்டம் மாதிரி வரிசை நின்றதாம். போர்டு வைத்துக் கெஞ்சினால் நடக்காதது, முடிவெடுக்கும் குழுவில் பாதிக்கு மேல் அவர்கள் இருந்ததால் நடந்தது. பாறையைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் போகிறார்கள், சுற்றி நடக்கிறார்கள், அந்த மக்களே வழிகாட்டியாகக் கூட வருகிறார்கள். முனியறைக்கும் இதைச் செய்தால் என்ன? பக்கத்துக் குடிப் பையன் ஒருவன் வண்டியில் கூட வரட்டும், அவனுக்கு ஒரு கூலியை வாடகையிலேயே சேர்த்து வாங்கிக் கொடுக்கிறோம். அவன் ‘இறங்கு’ என்றால் மாப்பிள்ளை இறங்கியாக வேண்டும்.

இனி எல்லைக்கு அந்தப் பக்கம். சின்னாறு பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, அமராவதி வனச்சரகம், ஒன்பதாறு செக்போஸ்ட். தளிஞ்சி, கோடந்தூர் என்று அங்கேயும் இதே மக்கள், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். கேரளத்தில் மலைப்புலையர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் புலையர்கள் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள், தங்களைப் பழங்குடியாக மாற்றுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி என்றால் ஒரு கணக்கு. பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். அக்கா இந்தப் பக்கம் பழங்குடி, தம்பி அந்தப் பக்கம் ஆதாரம் தேடி அலைய வேண்டும். கோடந்தூர் கட்டளை மாரியம்மனைக் கும்பிடக் காட்டுக்குள் போவதற்கும் நாளும் நேரமும் சொல்வது வனத்துறைதான்.

வன உரிமைச் சட்டம் என்றேன். 2006இலேயே வந்துவிட்டது. அதன் 5ஆம் பிரிவை யாரும் பேசுவதில்லை. காட்டில் வாழும் மக்களின் பண்பாட்டுப் பாரம்பரியத்தையும் இயற்கைப் பாரம்பரியத்தையும் பாதிக்கும் எந்த அழிவு வேலையிலிருந்தும் அவர்களுடைய வாழிடத்தைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் பக்கம் அது ஊருக்கூட்டம். அதாவது, ஜூகன் மக்களுக்கு இல்லாத ஒன்று நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒடிசாவில் நியம்கிரி மலையில் வேதாந்தா நிறுவனத்துக்காக பாக்சைட் வெட்ட வந்தபோது, மலையே எங்கள் சாமி என்றார்கள் டோங்ரியா கொந்த் மக்கள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அதைக் கிராம சபைகளே பார்த்துச் சொல்லட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றது. மலை இன்றைக்கும் நிற்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கினால் வாழச்சால். அங்கே காடர்கள் உள்ளிட்ட பழங்குடிகளின் ஒன்பது ஊர்களுக்கு 2014இல் சமூக வன உரிமை, அதாவது காட்டை ஊரே சேர்ந்து காத்துப் பயன்படுத்தும் உரிமை, கிடைத்தது. அதிரப்பள்ளி அணைத் திட்டத்தை எதிர்த்து நின்றபோது அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அந்தக் காகிதம். தமிழ்நாட்டிலோ நீதிமன்றத் தடை காரணமாக 2016 வரை உரிமைப் பட்டா கொடுக்கும் வேலையே முடங்கிக் கிடந்தது.

நான் ரோடே கூடாது என்கிறவன் இல்லை. பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்து என் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். பாரம்பரியம், வனவிலங்கு என்று காரணம் சொல்லி அந்த ரோட்டை மறுக்கிறவர்கள், அதே மலையில் ரிசார்ட்டுக்கு மட்டும் பொக்லைன் ஏறும்போது எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை. ரோடு எந்தப் பக்கமாகப் போக வேண்டும், எந்தப் பாறையைச் சுற்றிப் போக வேண்டும் என்பதை ஊருக்கூட்டம் சொன்னால், ரோடும் வரும், பாறையும் இருக்கும்.

முனியறைகளில் பல, நான் பார்த்தவரை, காட்டுக்கு வெளியே பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும் நிற்கின்றன. அங்கே வன உரிமைச் சட்டம் உதவாது. ஆனால் கட்டட அனுமதி கொடுப்பது பஞ்சாயத்துதான். அஞ்சுநாட்டில் பாறைக் குன்றுகளின் மேலும் அடிவாரத்திலும் புதிதாக ரிசார்ட், ஹோம்ஸ்டே, கண்ணாடிப் பாலம் என்று எது விண்ணப்பம் வந்தாலும், பக்கத்துக் குடிகளின் ஊருக்கூட்டம் இடத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே கோப்பு நகர வேண்டும் என்று பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போடலாம். அப்படிக் கேட்பதும் வரைபடத்தில் கோடு போடும்போதே நடக்க வேண்டும், வெடிமருந்தை இறக்கிய பிறகு இல்லை.

உங்கள் நாளிதழ் எல்லைக்கு இரண்டு பக்கமும் போகிறது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது நிருபர் ஒருவரை அனுப்பிவையுங்கள். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாமல், மறையூர்ப் பக்கக் குடிகளிலும் தளிஞ்சிப் பக்கத்திலும் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்கிற ஆளாக இருக்கட்டும், முடிந்தால் ஒரு பெண் நிருபரும் கூட வரட்டும். ஜீப்புக்கு வாடகை வேண்டாம், டீசல் போட்டால் போதும். என் பெயரை மட்டும் அச்சிட வேண்டாம், நாளைக்கும் அதே செக்போஸ்ட் வழியாகத்தான் நான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் ஓட்டுநர்,
கோவில்கடவு, மறையூர்.